மீதி நிற்கிற இடம்

நாலாவது படிக்கும்போது எங்கள் வகுப்பில் முப்பத்தேழு பேர். என் எண் முப்பத்து நாலு. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

பள்ளிக்கூடம் அம்பத்தூரில், ஒரு ஏரிக்கரையை ஒட்டி. மூன்று அறை, ஒரு மைதானம், மைதானத்தின் மூலையில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர். சுவரின் அடியில் ஒரு செங்கல் பெயர்ந்து ஓட்டை இருந்தது. அதில் கண்ணை வைத்தால் ஏரி தெரியும். எங்கிருந்தோ வருகிற கால்வாய் ஏரியில் கலக்கிற இடத்தில் வெள்ளை நுரை எப்போதும் கட்டி நிற்கும். காற்று அடித்தால் நுரை கரையேறி நகரும். யாரோ தவழ்ந்து வருகிற மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் நாங்கள் அதிகம் போகமாட்டோம்.

கணக்கு டீச்சருக்கு ஒரு வழக்கம். வகுத்தலை அவர் போர்டில் நடத்தவில்லை. எங்களை வைத்தே நடத்தினார். செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டில் கொண்டைக்கடலை போடுவார்கள். அன்று யாரும் லீவு போடமாட்டார்கள். அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப் போவார். பேர் எழுதின நோட்டில் உள்ள வரிசைப்படி நிற்கவேண்டும். "நாலு நாலா" என்று சொன்னால் முதல் எண்ணிலிருந்து நாலு நாலு பேராக வரிசை பிரியவேண்டும். எதிலும் சேராமல் கடைசியில் நிற்பவர்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நிற்கவேண்டும். "மீதி எத்தனை?" என்று டீச்சர் கேட்பார். நாங்கள் கத்துவோம். ஒருவரும் மிஞ்சவில்லை என்றால், "மீதியில்லாமல் வகுபடும்" என்று மூன்று தடவை கத்தவேண்டும்.

டீச்சர் நல்லவர். அடித்ததில்லை. எங்களுக்குப் புரியவேண்டும் என்றுதான் செய்தார்.

முதல் செவ்வாய்க்கிழமை நாலு நாலாக நின்றோம். ஒன்பது வரிசை. மோகன் மட்டும் மிஞ்சினான். அவன்தான் முப்பத்தேழு. சின்னப் பையன், சத்தமே இருக்காது. தொட்டிப் பக்கம் போய் நின்றான். அடுத்து ஆறு ஆறாக என்றார். ஆறு வரிசை. மறுபடியும் மோகன். ஒன்பது ஒன்பதாக என்றார். அப்போதும் மோகன். எதைச் சொன்னாலும் அவன் ஒருவனே மிஞ்சினான். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் வகுப்பில் சலீம் என்று ஒருவன். முப்பத்தாறு. வாய் அதிகம். "டேய் மோகன், உன்ன ஒருத்தனும் சேத்துக்க மாட்றான்டா. இன்னாடா பண்ண நீ?" என்று அங்கிருந்தே கத்தினான். எல்லோரும் சிரித்தோம். மோகனும் சிரித்தான். அவன் காலுக்குப் பின்னால் சுவர் ஓட்டையில் வெளிச்சம் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மோகன் வரவில்லை. திங்கட்கிழமையும் இல்லை. டீச்சர் அட்டெண்டன்ஸில் அவன் பேரை மூன்று தடவை கூப்பிட்டார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டார். அடுத்த பாடம் எடுத்தார்.

சாயங்காலம் நாங்கள் நாலைந்து பேர் அவன் வீட்டைப் பார்க்கப் போனோம். ஏரித் தண்ணீரை ஒட்டிக் கடைசி வீடு அவனுடையது. வீடு இல்லை. ஓலை இல்லை, தகரம் இல்லை, கதவு இல்லை. மெழுகின தரை மட்டும் சதுரமாக இருந்தது. நாலு மூலையிலும் கம்பு நட்ட குழி. அடுப்பு இருந்த இடம் கறுப்பாக இருந்தது. ஒரு குழியில் தண்ணீர் ஊறி நின்றது. அதில் நுரை.

சலீம்தான் கண்டுபிடித்துச் சொன்னான். "மூணு தபா மிஞ்சினான் இல்ல? அதான். ஏரி இட்னு பூட்ச்சி."

"போடா, ஏரி எப்டிடா ஊட்டோட இட்னு போவும்?" என்றாள் தேவி.

"அப்ப ஊடு எங்கடி? நீ காட்டு."

தேவியால் காட்ட முடியவில்லை. எங்கள் யாராலும் முடியவில்லை.

தேவியைச் சொல்லவேண்டும். அவள் எண் முப்பத்தைந்து. வகுப்பில் எனக்கு அடுத்து உட்காருவாள். வீடும் எனக்கு அடுத்துதான். எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. சுவரில் தட்டினால் அவள் திருப்பித் தட்டுவாள். எனக்கு வேறு சிநேகிதி கிடையாது. அவளுக்கும்.

வீட்டில் மோகனைப் பற்றிக் கேட்டேன். அப்பா கம்பெனியில் லோடு ஏற்றிவிட்டு வந்து படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். "அங்கலாம் போவாத" என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேரும் அன்று சத்தம் குறைத்துப் பேசிக்கொண்டார்கள். பெரியவர்களும் பயப்படுகிறார்கள் என்று நினைத்தேன். அப்படியென்றால் சலீம் சொன்னது சரி.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாங்கள் முப்பத்தாறு பேர். டீச்சர் இரண்டு என்றார், மீதியில்லை. மூன்று, மீதியில்லை. நாலு, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு. எதிலும் மீதியில்லை. "இன்னிக்கு ரொம்ப நல்ல நம்பர் பசங்களா" என்று டீச்சர் சந்தோஷப்பட்டார். நாங்கள் தொண்டை வற்றக் கத்தினோம். தொட்டிப் பக்கம் காலியாக இருந்தது.

பிறகு ஐந்து ஐந்தாக என்றார். சலீம் மிஞ்சினான்.

அவன் கையை வீசிக்கொண்டு போனான். "நான்தான்டா லீடர். லீடர் தனியாதான் நிப்பான்" என்றான். ஏழு ஏழாக என்றார். மறுபடியும் சலீம். இந்தத் தடவை அவன் கையை வீசவில்லை. எட்டு எட்டாக என்றார். நாலு பேர் மிஞ்சினோம். முப்பத்து மூன்றாம் எண் பெண், நான், தேவி, சலீம். அன்றுதான் நான் முதலில் அங்கே நின்றேன். தொட்டியின் நிழல் குளிர்ந்திருந்தது. ஓட்டை வழியாகக் காற்று வந்து காலில் பட்டது. சலீம் என் கையைப் பிடித்தான். அவன் கை ஈரமாக இருந்தது.

"எனுக்கு மூணாயிட்ச்சி" என்றான்.

"சும்மாதான சொன்ன நீ அன்னிக்கு?"

"சும்மாதான் சொன்னேன். ஆனா மூணாயிட்ச்சே."

சனிக்கிழமை சலீம் வீட்டுப் பக்கம் போனேன். துவைக்கிற கல் மட்டும் இருந்தது. கல்லில் சிவப்புப் பெயிண்டில் ஒரு எண் எழுதியிருந்தது. அந்த எண் எனக்குப் புரியவில்லை. எந்த வகுத்தலிலும் வராத பெரிய எண். கல்லுக்குப் பக்கத்தில் அவனுடைய ஒரு செருப்பு. இன்னொன்று இல்லை.

டீச்சர் மூன்று தடவை கூப்பிட்டார். கோடு போட்டார்.

இப்போது முப்பத்தைந்து பேர். தேவிதான் கடைசி. எனக்கு அடுத்து இருப்பது அவள் ஒருத்திதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஐந்தும் ஏழும் மீதியில்லாமல் வந்தன. நான் மூச்சு விட்டேன். மணி அடிக்கப்போகிற நேரத்தில் டீச்சர், "கடைசியா ரெண்டு ரெண்டா நில்லுங்க" என்றார். எனக்கு ஜோடி முப்பத்து மூன்று. தேவிக்கு யாரும் இல்லை. அவளாகவே தொட்டிப் பக்கம் நடந்தாள். சொல்லவேண்டியிருக்கவில்லை.

அவளுக்கு இரண்டு ஆகிவிட்டது. எனக்கு ஒன்று.

"அடுத்த வாரமும் ரெண்டுதான். ரெட்டைப்படை எண் எல்லாம் எழுதிட்டு வாங்க" என்றார் டீச்சர்.

கணக்கில் நான் மக்கு. கூட்டலே விரலில்தான். ஆனால் அந்த ஒரு வாரம் நான் கற்ற அளவுக்கு அதற்கு முன்னும் பின்னும் கற்றதில்லை. வீட்டுக்குப் பின்னால் முப்பத்தைந்து கல் பொறுக்கி வைத்தேன். மூன்று மூன்றாக வைத்தேன், நாலு நாலாக வைத்தேன், ஆறு, எட்டு, ஒன்பது. ஐந்திலும் ஏழிலும் தவிர எதிலும் தீரவில்லை. ஒரு கல்லை எடுத்து அந்தப் பக்கம் போட்டேன். முப்பத்து நாலு. இரண்டு இரண்டாக வைத்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை. மறுபடியும் வைத்துப் பார்த்தேன். மிஞ்சவில்லை.

நான் ஒரு கல்லை எடுத்துவிட்டால் போதும். வகுப்பில் ஒரு ஆள் குறைந்தால் தேவிக்கு ஜோடி கிடைக்கும்.

கல்லை நிரவிக்கொண்டிருந்தபோது ஏரியின் பக்கமிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கையில் அளக்கிற டேப். தண்ணீர் ஓரத்தில் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். டேப் மேலே நீண்டு வந்தது. தேவி வீட்டைத் தாண்டி எங்கள் பின்சுவரில் வந்து முட்டி நின்றது. நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எங்கள் சுவரில் சிவப்பில் ஒரு கோடு இழுத்தார்கள். தேவி வீட்டுக் கதவில் எண் எழுதினார்கள். தேவியின் அம்மா வாசலில் நின்றாள். பெயிண்ட் வடிந்து வாசற்படியில் விழுந்ததைத் துணியால் துடைத்தாள்.

செவ்வாய்க்கிழமை நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பள்ளிக்கூடத்துக்குள் போகவில்லை. சுவரைச் சுற்றி ஏரிப் பக்கம் வந்து ஓட்டைக்கு அருகில் உட்கார்ந்தேன். தொட்டியின் பின்பக்கம் தெரிந்தது, அதைத் தாண்டி மைதானம். எனக்குப் பின்னால் நுரை. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

எல்லோரும் வெளியே வந்தார்கள். நான் இல்லாமல் முப்பத்து நாலு. டீச்சர் இரண்டு இரண்டாக என்றார். முப்பத்து மூன்றாம் எண் பெண்ணும் தேவியும் சேர்ந்து நின்றார்கள். தேவி கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மீதியில்லாமல் வகுபடும்" என்று மூன்று தடவை கத்தினார்கள். நானும் சுவருக்கு இந்தப் பக்கம் வாய்க்குள் கத்தினேன். ஜெயித்துவிட்டேன்.

டீச்சர் நோட்டை மூடினார். பிறகு திறந்தார். "இவ்ளோ சீக்கிரம் முடிச்சிட்டீங்களே. சரி, மூணு மூணா நில்லுங்க பாப்போம்" என்றார்.

நான் மூன்றை யோசிக்கவில்லை. முப்பத்தைந்து கல்லை மூன்றில் வைத்துப் பார்த்தேன். முப்பத்து நாலை வைத்துப் பார்க்கவில்லை. இரண்டு வந்ததும் நிறுத்திவிட்டேன்.

பதினோரு வரிசை. தேவி மட்டும் நின்றாள். பிறகு தொட்டியைப் பார்த்து நடந்து வந்தாள். அவள் வர வர என் ஓட்டை இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் அவள் பாவாடைதான் தெரிந்தது.

"தேவி" என்றேன்.

அவள் அலறவில்லை. குனிந்து பார்த்தாள். ஒரு கண் தெரிந்தது.

"இன்னாடி இங்க கீற?"

"உனுக்காவதான். நான் வராட்டி உனுக்கு ஜோடி கெடைக்கும்ல."

"கெட்ச்சிது. அப்றம் மூணு சொல்ட்டாங்க."

"எத்தினி தபா ஆச்சி உனுக்கு?"

"மூணு." "எங்கூட்ல பாத்திரம்லாம் மூட்டை கட்டிக்கீது" என்றாள்.

"ஏன்?"

"தெர்ல. எங்கம்மா சொல்ல மாட்டுது."

டீச்சர் அங்கிருந்து, "தொட்டிகிட்ட யார்கிட்ட பேசுற?" என்று கேட்டார். "யாருமில்ல டீச்சர்" என்றாள் தேவி. நிமிர்ந்து நின்றுவிட்டாள். அவள் குதிகால் ஓட்டையை அடைத்தது. அதைத் தொட்டுப் பார்த்தேன். அவள் காலை எடுக்கவில்லை.

அன்று மாலை அவள் வீட்டிலிருந்து பாத்திரச் சத்தம் வந்தது. சுவரில் தட்டினேன். திருப்பித் தட்டினாள். தூங்கப் போகிறவரை தட்டிக்கொண்டிருந்தோம். காலையில் எழுந்து தட்டினேன். பதில் இல்லை. மறுபடியும் தட்டினேன். சுவர் வேறு மாதிரி சத்தம் போட்டது. பின்னால் காற்று மட்டும் இருக்கிற சுவரின் சத்தம். ஓடிப்போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. என்ன இருக்கும் என்று தெரியும். சதுரத் தரை, நாலு குழி.

அன்று உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். நான் போயிருந்தால் முப்பத்தைந்து பேர். மூன்றில் வகுத்தால் இரண்டு மீதி. நானும் தேவியும். இரண்டிலேயே அவளுக்கு மூன்றாவது ஆகியிருக்கும், அதில் தப்பமுடியாது. ஆனால் மூன்றில் அவள் தனியாக நின்றிருக்கமாட்டாள். எனக்கு இரண்டாவது ஆகியிருக்கும். நான் அவளைக் காப்பாற்றப் போய் என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. டீச்சர் அவள் பேரைக் கூப்பிட்டபோது மூன்று தடவையும் தலையைக் குனிந்துகொண்டேன்.

இனி கடைசி எண் நான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஒளியவில்லை. முப்பத்து நாலு பேர். நாலு நாலாக என்றார். இரண்டு பேர் மிஞ்சினோம். எனக்கு இரண்டு. மூன்று மூன்றாக என்றார். நான் மட்டும் மிஞ்சினேன். எனக்கு மூன்று. தொட்டிப் பக்கம் நின்றேன். பயம் இல்லை. எங்கே போகிறோமோ அங்கே தேவி இருப்பாள் என்று இருந்தது.

வீட்டுக்குப் போய் என் பாவாடை சட்டையை மூட்டை கட்டி வைத்துக்கொண்டேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னாடி இது?"

"நாளிக்கு போய்டுவோம்ல?"

"எங்க?"

அம்மா மூட்டையை அவிழ்த்துத் துணியை மறுபடி மடித்து வைத்தாள். அன்று ராத்திரி என்னைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கினாள்.

புதன்கிழமை விடிந்தது. வீடு இருந்தது. வியாழனும் இருந்தது. அந்த வருஷம் முழுக்கப் பல செவ்வாய்க்கிழமை நான் மிஞ்சினேன். எத்தனை தடவை என்று எண்ணுவதையும் விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் காத்திருந்தேன். என்னை மட்டும் யாரும் எடுக்கவில்லை. கணக்கில் எங்கோ தப்பு நடந்திருக்கிறது, எனக்கு வரவேண்டியதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போதும் ஆட்கள் வரிசையில் நின்றால் என்னை அறியாமல் வகுத்துப் பார்ப்பேன். ரேஷன் கடையில், பஸ் ஸ்டாண்டில். கடைசி ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டேன்.

எட்டாவதோடு நின்றுவிட்டேன். மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறேன். போன வருஷம் என் பிறந்த தேதிக்குச் சான்று வேண்டும் என்று கம்பெனியில் கேட்டார்கள். பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமை ஆசிரியர் புதியவர். பீரோவிலிருந்து நோட்டை எடுத்துத் தூசி தட்டி என்னிடமே கொடுத்தார். "பேரை அகரவரிசைல தேடாதம்மா. பசங்க வந்து சேர்ற வரிசைலதான் எழுதுவோம்" என்றார்.

முப்பத்து நாலு என் பேர். அதற்குக் கீழே மூன்று சிவப்புக் கோடு. கோட்டுக்கு அடியில் பேர் தெளிவாகத் தெரிந்தது. விலாசம் என்று ஒரு கட்டம். என் பேருக்கு நேரே மேட்டுத் தெரு, கடைசி வீடு. அந்த மூன்றுக்கும் நேரே ஏரிக்கரை, ஏரிக்கரை, ஏரிக்கரை.

நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கடைசியாக ஊருக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் ஓரத்தில்தான் இடம் கிடைத்தது. அவர்கள் பிள்ளைகள் கடைசியாகப் பள்ளியில் சேர்ந்தார்கள். வரிசையில் கடைசியாக நின்றார்கள். அதனால் மிஞ்சினார்கள். டேப்பும் தண்ணீரிலிருந்துதான் அளந்து வந்தது. ஏரிப் புறம்போக்கைக் காலி பண்ணச் சொல்லி, வேறு எங்கோ வீடு தருகிறோம் என்று சீட்டுக் கொடுத்து வண்டி ஏற்றிவிட்டார்கள். மிஞ்சினதால் யாரும் போகவில்லை. டீச்சர் எந்த எண்ணைச் சொல்லியிருந்தாலும் அவர்கள்தான் போயிருப்பார்கள்.

சேர்ந்த தேதி என்று இன்னொரு கட்டம் இருந்தது. எனக்கும் தேவிக்கும் ஒரே தேதி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"ஒரே வண்டிலதான வந்தோம் ரெண்டு ஊட்டுக்காரங்களும். வந்தா ரெண்டே எடம்தான் கீது. ஒண்ணு மேட்ல, ஒண்ணு பள்ளத்துல. சீட்டு குலுக்கி போட்டுக்கலாம்னாரு உங்கப்பா. தேவி அம்மாதான் வேணாம்னா. உனுக்கு கைக்கொயந்த கீது, மழ வந்தா தண்ணி ஏறும், நீ மேல எட்த்துக்கன்னா. ஸ்கூல்ல சேக்கப் போவும்போதும் அதான். மேட்டூட்டுக்காரி, நீ முன்னாடி நில்லுன்னு சிரிச்சிகினே தள்ளிவுட்டா."

"எங்க போனாங்கன்னு தெரியுமா?"

"எங்கனு கேக்கறது?"

கீரைத் தண்டை ஓரமாகத் தள்ளினாள். அம்மாக்கள் இரண்டு பேரும் இடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நானும் தேவியும் வண்டியின் மேலே மூட்டைகளுக்கு நடுவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோமாம். யார் முதலில் இறங்குவது என்று. அம்மா கீழே இருந்து அதட்டினாளாம். நான்தான் முதலில் குதித்தேனாம். தேவி விட்டுக்கொடுத்தாளா, நான் அவளைத் தள்ளிவிட்டுக் குதித்தேனா என்று கேட்டேன். அம்மாவுக்கு அது ஞாபகம் இல்லை.